நெடுவரிசைப் பெயர் மாறி மாறி வரும் ஃபைல்களை உள்ளே எடுப்பது எப்படி

போன மாதம் வரை 'தொகை' என்று வந்த நெடுவரிசை இந்த மாதம் 'மொத்தத் தொகை' என்று வருகிறது. 'வாடிக்கையாளர் எண்' என்று இருந்தது 'வா. எண்' ஆகிவிட்டது. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, ஃபைல் மட்டும் வழக்கம்போல வந்து நிற்கிறது. வெளியிலிருந்து வரும் டேட்டாவை வைத்து ரிப்போர்ட் போடுகிறவர்கள் எல்லோருக்கும் இது இன்றோ நாளையோ நடக்கும். அனுப்புகிற பக்கம் சாஃப்ட்வேர் மாறும், ஆள் மாறுவார், அல்லது யாரோ ஒருவர் தலைப்பு அழகாக இருக்கட்டும் என்று திருத்தி வைப்பார். அதை நாம் தடுக்க முடியாது. நம் பக்கத்தை எப்படிக் கட்டி வைப்பது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது, அதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். எக்செல் மட்டும் தெரிந்தவர்களும் பின்தொடரலாம், பைத்தான் தெரிந்தவர்களுக்கும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பெயர் மாறினால் இரண்டு விதமாக வேலை கெடும். ஒன்று, எரர் வந்து நின்றுவிடும். இது நல்லது, உடனே தெரிந்துவிடுகிறது. இன்னொன்று, எதுவுமே சொல்லாமல் ஓடி முடித்து தப்பான எண்ணைக் கொடுக்கும். பயப்பட வேண்டியது இதற்குத்தான். நான் ஒருமுறை பன்னிரண்டு மாத ஃபைல்களை, அட்டவணை டேட்டாவைக் கையாளும் பைத்தான் லைப்ரரியான பாண்டாஸில் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சேர்த்தபோது, ஜூலையிலிருந்து ஒரு நெடுவரிசையின் பெயர் மாறியிருந்ததைக் கவனிக்கவில்லை. சேர்க்கும் கட்டளையான கான்கேட் எரர் எதுவும் தரவில்லை, பழைய பெயரில் ஒன்று, புதுப் பெயரில் ஒன்று என்று இரண்டு நெடுவரிசைகளை உண்டாக்கி, இல்லாத இடத்தையெல்லாம் காலியாக விட்டுவிட்டது. கூட்டல் போடும்போது காலியானவற்றைத் தாண்டிப் போய்விடுவதுதான் பாண்டாஸின் இயல்பு, அதனால் மொத்தமும் வந்தது, பாதி ஆண்டுக்கு மட்டும். அந்த எண் பார்க்க நம்பும்படியாகவே இருந்தது. மூன்று நாள் கழித்து வேறொரு கணக்கோடு ஒப்பிட்டபோதுதான் வெளியே வந்தது.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப் போவது ஒரே விஷயம்தான். வெளிப் பெயர் நம் பெயராக மாறுவது ஒரே ஒரு இடத்தில், வாசலிலேயே, நடக்க வேண்டும். நமக்குக் கட்டாயம் வேண்டிய பெயர் வாசலில் கிடைக்காவிட்டால் வேலை அங்கேயே நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் எந்த ஃபார்முலாவுக்கும் எந்தச் சார்ட்டுக்கும் வெளிப் பெயர் தெரியவே கூடாது.

முதல் வேலை: வந்த ஃபைலைத் தொடாமல் வைத்துவிட்டு, தலைப்பை மட்டும் பாருங்கள்

வந்த ஃபைலை அப்படியே ஒரு ஃபோல்டரில் வைத்து, பெயரில் தேதியைச் சேர்த்து விட்டுவிடுங்கள். சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்) எக்செலில் டபுள் கிளிக் செய்து திறந்து, தலைப்பைத் திருத்தி, சேவ் செய்யும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணைத் துல்லியமாக வைத்திருக்காது, 16 இலக்க அடையாள எண் இருந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். 00457 என்பது 457 ஆகிவிடும். தலைப்பைச் சரிசெய்யப் போய் டேட்டாவைக் கெடுத்துக்கொள்வோம், திரும்பிப் போக மூலமும் இருக்காது.

தலைப்பு வரிசையை மட்டும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் பாருங்கள். பைத்தானில் என்றால், ஹெடர் இல்லை என்று சொல்லி முதல் ஒரு வரியை மட்டும் படியுங்கள். ஏன் 'ஹெடர் இல்லை' என்று சொல்லச் சொல்கிறேன் என்றால், ஒரே பெயரில் இரண்டு நெடுவரிசைகள் இருந்தால் பாண்டாஸ் இரண்டாவதின் பின்னால் .1 என்று தானாகச் சேர்த்துவிடும், பெயரே இல்லாத நெடுவரிசைக்கு 'அன்நேம்டு' என்று ஒன்றை வைத்துவிடும். நமக்கு வேண்டியது அனுப்பியவர் எழுதிய பெயர், டூல் வைத்த பெயர் இல்லை.

சில ஃபைல்களில் தலைப்பு முதல் வரியிலேயே இருக்காது. மேலே ரிப்போர்ட்டின் பெயர், தேதி, ஒரு காலி வரி, அப்புறம்தான் தலைப்பு. 'மூன்று வரிகளைத் தாண்டு' என்று எழுதி வைத்தால் அடுத்த மாதம் அது நான்கு வரியாகிவிடும். எண்ணிக்கை வைக்காமல், முதல் இருபது வரிகளுக்குள் நமக்குத் தெரிந்த பெயர்கள் குறைந்தது மூன்று எந்த வரியில் இருக்கின்றனவோ அதுதான் தலைப்பு வரி என்று தேடச் சொல்லுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத வித்தியாசங்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், புதிதாக வருகிறவர்கள் அதிக நேரம் இழப்பது இங்கேதான். இரண்டு தலைப்புகள் பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும், ஆனால் கம்ப்யூட்டர் 'அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை' என்று சொல்லும்.

எக்செலில் அந்தத் தலைப்பு இருக்கும் கட்டத்தைக் காட்டி, எத்தனை குறிகள் என்று எண்ணும் லென் ஃபார்முலாவைப் போடுங்கள். 'எண்' என்பதற்கு 3 வர வேண்டும்: எ, ண, மேலே உள்ள புள்ளி. 4 வந்தால், கூடுதலாக ஏதோ ஒட்டியிருக்கிறது. கடைசி எழுத்தை ரைட் கொண்டு எடுத்து, அதற்கு யூனிகோட் ஃபார்முலா போட்டால் அந்தக் குறிக்கு உரிய எண் வரும், அது யார் என்று தெரிந்துவிடும். 32 வந்தால் சாதாரண இடைவெளி. 160 வந்தால் வெப் பக்கங்களிலிருந்து நகலெடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வரும் பிரியா இடைவெளி, இதை இடைவெளி வெட்டும் ட்ரிம் ஃபார்முலா எடுக்காது, அது 32-ஐ மட்டும்தான் எடுக்கும். 8203 என்றால் அகலமே இல்லாத இடைவெளி. 65279 என்றால் ஃபைலின் தொடக்கத்தில் வைக்கப்படும் பாம் என்கிற குறி. எக்செலில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று சேவ் செய்யும்போது ஃபைலின் தலையில் மூன்று பைட்டுகளாக உட்கார்வது இதுதான், அதனால் எப்போதும் முதல் நெடுவரிசையின் பெயரோடுதான் ஒட்டும். 'மற்ற எல்லாம் கிடைக்கிறது, முதலாவது மட்டும் கிடைக்கவில்லை' என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பைத்தானின் சிஎஸ்வி மாட்யூலில் ஃபைலை யுடிஎஃப்-8 என்று திறக்காமல் யுடிஎஃப்-8-சிக் என்று திறந்தால் போய்விடும். பைத்தானில் ஓர இடைவெளியை வெட்டும் ஸ்ட்ரிப் 160-ஐ எடுத்துவிடும், ஆனால் 8203-ஐயும் 65279-ஐயும் எடுக்காது, அவற்றைப் பெயர் சொல்லி நீக்க வேண்டும்.

தமிழில் தலைப்பு வைக்கிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு, இதை யாரும் எளிதில் சொல்லித் தருவதில்லை. 'தொகை' என்ற சொல்லில் லென் போட்டால் 4 வர வேண்டும். சில ஃபைல்களில் 5 வரும். காரணம், 'ொ' என்ற குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். 3018 என்ற ஒரே குறியாகவும் எழுதலாம், 3014 என்ற ஒற்றைக்கொம்பையும் 3006 என்ற காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் 'தொ'தான், எந்தக் கண்ணாலும் பிரித்துப் பார்க்க முடியாது, ஆனால் ஒப்பிடும்போது இரண்டும் வெவ்வேறு. 'ோ', 'ௌ' இரண்டுக்கும் இதே கதைதான். பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் என்பதை என்எஃப்சி முறையில் ஓட்டினால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். எக்செலில் அதற்குத் தனி ஃபார்முலா கிடையாது, சப்ஸ்டிடியூட் ஃபார்முலாவில், எண்ணைக் குறியாக்கும் யூனிகார் கொண்டு 3014-ஐயும் 3006-ஐயும் சேர்த்துக் கொடுத்து 3018 ஆக்குங்கள், அதே மாதிரி 3015-ஐயும் 3006-ஐயும் 3019 ஆக்குங்கள். ஆனால் 'ஔ' என்பதற்கு 'ஒ', 'ள' என்று தனித்தனியாகத் தட்டி வைத்திருந்தால் எந்த நார்மலைஸும் அதைச் சரிசெய்யாது, அது உண்மையாகவே வேறு எழுத்து, கீழே சொல்லும் மாற்றுப்பெயர் அட்டவணையில்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

சரி, இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஒரு சுத்தம் செய்யும் முறையை வைத்துக்கொள்ளுங்கள். யூனிகோட் வடிவத்தை ஒன்றாக்குவது, தெரியாத குறிகளை நீக்குவது, ஆங்கில எழுத்தானால் சிறிய எழுத்தாக்குவது, அடிக்கோடு, சிறுகோடு, புள்ளி எல்லாவற்றையும் இடைவெளியாக்குவது, நடுவில் இருக்கும் பல இடைவெளிகளை ஒன்றாக்குவது, முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை வெட்டுவது. வரிசை முக்கியம்: இடைவெளி ஆக்க வேண்டியதை எல்லாம் ஆக்கிவிட்டு, கடைசியில் வெட்டுங்கள். இதற்குப் பிறகு இரண்டு தலைப்புகள் ஒரே பெயராகிவிட்டனவா என்று கட்டாயம் பாருங்கள். ஆகியிருந்தால் நிறுத்திவிட வேண்டும்.

உங்கள் பெயர்ப் பட்டியலை முடிவு செய்யுங்கள்

வரும் ஃபைலைப் பார்க்காமல், உங்கள் வேலைக்கு என்ன வேண்டும் என்று யோசித்து ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், அது கட்டாயமா இல்லாவிட்டாலும் ஓடுமா, எந்த வகை, என்ன அலகு. புதியவர்கள் வரும் நாற்பது நெடுவரிசைகளையும் பட்டியலில் போட்டுவிடுவார்கள். உண்மையில் ரிப்போர்ட்டுக்குத் தேவைப்படுவது ஏழோ எட்டோதான் இருக்கும். மீதி முப்பத்திரண்டும் எப்படி மாறினாலும் உங்களுக்கு என்ன? அவற்றைக் கட்டாயப் பட்டியலில் வைத்தால் தேவையில்லாமல் ஒவ்வொரு மாதமும் நிற்கும், நின்று நின்று சலித்து, கடைசியில் நிறுத்தும் சோதனையையே தூக்கிவிடுவீர்கள்.

அலகைப் பெயரிலேயே வைப்பது என் வழக்கம். 'எடை' என்று வைக்காமல் 'எடை கிலோ' என்று வைப்பேன்.

டேட்டாபேஸில் போய் முடிகிற வேலையானால் பெயர் நீளத்தையும் கவனியுங்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசைப் பெயர் 63 பைட்டுக்கு மேல் போகாது, தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுப்பதால் 21 குறிகளிலேயே எல்லை வந்துவிடும், அதற்கு மேல் இருந்தால் ஒரு சின்ன அறிவிப்போடு வெட்டிவிட்டுப் போய்விடும். டேட்டாபேஸுக்குள் சுருக்கமான ஆங்கிலப் பெயரும் ரிப்போர்ட்டில் தமிழ்ப் பெயருமாக வைத்துக்கொள்வது நிம்மதி.

மாற்றுப்பெயர் அட்டவணை

இதுதான் வாசல். ஒரு தனி ஷீட்டில் இரண்டு நெடுவரிசைகள் போதும்: 'வந்த பெயர்', 'நம் பெயர்'. 'தொகை', 'மொத்தத் தொகை', 'மொத்தம்' மூன்றுக்கும் எதிரே 'தொகை' என்று இருக்கும். ஒவ்வொரு வந்த பெயரும் ஒரே ஒரு முறைதான் வர வேண்டும், நம் பெயர் எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். இதோடு 'யாரிடமிருந்து', 'எப்போதிலிருந்து' என்ற இரண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஒருவர் 'மொத்தம்' என்றால் தொகையைச் சொல்வார், இன்னொருவர் எண்ணிக்கையைச் சொல்வார். பல இடங்களிலிருந்து ஃபைல் வருகிறது என்றால் ஆளுக்கு ஒரு அட்டவணை வையுங்கள், எல்லாவற்றையும் ஒன்றில் கொட்ட வேண்டாம்.

கோடு எழுதத் தெரிந்தவர்களும் இந்த அட்டவணையைக் கோடுக்குள் எழுதாமல் தனி ஃபைலாக வைப்பது நல்லது. அடுத்த முறை பெயர் மாறும்போது, கோடு தெரியாத சகா ஒருவரும் ஒரு வரி சேர்த்துவிட்டு வேலையைத் தொடர முடியும்.

டூலில் பொருத்துவது

வெறும் எக்செல் ஃபார்முலா என்றால், வந்த டேட்டா ஒரு ஷீட், உங்கள் பெயர்களோடு ஒரு ஷீட். நடுவில் 'ஐந்தாவது நெடுவரிசையை எடு' என்று எண் போட்ட விலுக்கப் இருந்தால் அதை மாற்றுங்கள், யாராவது ஒரு நெடுவரிசையை நடுவில் நுழைத்தாலே அது பக்கத்து டேட்டாவை எடுத்துவரும், சத்தமே இல்லாமல். மேட்ச் ஃபார்முலாவால் பெயரைத் தேடி, கிடைத்த இடத்தை இண்டெக்ஸுக்குக் கொடுங்கள்.

எக்செலோடு வரும், டேட்டாவை ஏற்றி மாற்றியமைக்கும் வசதியான பவர் குவெரியில் கவனிக்க வேண்டியது அது தானாகச் சேர்க்கும் படிகள். ஃபைலைக் கொண்டுவந்ததும் 'சேஞ்ச்டு டைப்' என்று ஒரு படி வந்து உட்காரும், அதில் எல்லா நெடுவரிசைப் பெயர்களும் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கும். நீங்கள் பயன்படுத்தாத ஒரு நெடுவரிசையின் பெயர் மாறினாலும் 'அந்த நெடுவரிசை இல்லை' என்று நிற்பது இதனால்தான். அந்தப் படியை நீக்கிவிட்டு, பெயர் மாற்றம் முடிந்த பிறகு, உங்களுக்கு வேண்டிய ஏழெட்டுக்கு மட்டும் வகையை நீங்களே கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கு மாற்றுப்பெயர் அட்டவணையை ஒரு குவெரியாக ஏற்றி, இரண்டு நெடுவரிசைகளை மட்டும் விட்டு, டேபிள் டாட் டூரோஸ் கொண்டு ஜோடிகளின் பட்டியலாக்கி, அதை டேபிள் டாட் ரீநேம்காலம்ஸ் என்பதற்குக் கொடுங்கள். கடைசியில் மிஸ்ஸிங்ஃபீல்ட் டாட் இக்னோர் என்று சேர்த்தால், அட்டவணையில் உள்ள, ஆனால் ஃபைலில் இல்லாத பழைய பெயர்களை விட்டுவிட்டுப் போகும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தைப் பவர் குவெரி பார்க்கும், ஆகவே சுத்தம் செய்யும் படி இதற்கு முன்னால் வர வேண்டும், அட்டவணையில் உள்ள பெயர்களும் அதே சுத்தம் செய்த வடிவத்தில் இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு இடங்களைத் திறந்து பார்த்துவிடுங்கள். சிஎஸ்வியைப் படிக்கும் முதல் படியில் காலம்ஸ் என்று ஒரு எண் எழுதியிருக்கும், 12 என்று இருந்தால் பதின்மூன்றாவதாகச் சேர்ந்த நெடுவரிசை வரவே வராது, அந்தப் பகுதியை அழித்துவிடலாம். ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைல்களையும் சேர்க்கும் வசதியிலும் இதே சிக்கல்தான்: மாதிரி ஃபைலில் இருக்கும் பெயர்கள்தான் விரிக்கும் படியில் எடுத்துக்கொள்ளப்படும், மற்ற ஃபைல்களில் புதிதாக இருப்பவை காணாமல் போகும், பெயர் மாறியவை காலியாக வரும். பெயர் மாற்றத்தை மாதிரி ஃபைலை மாற்றியமைக்கும் குவெரிக்குள்ளேயே செய்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக நடந்து, பிறகுதான் சேரும்.

பாண்டாஸில் ரீநேம் கொஞ்சம் ஏமாற்றும். இல்லாத பெயரைக் கொடுத்தாலும் பேசாமல் போய்விடும், எரர்ஸ் என்ற இடத்தில் ரெய்ஸ் என்று சொன்னால்தான் நிற்கும். மாற்றுப்பெயர் அட்டவணையை அப்படியே கொடுக்கும்போது பழைய பெயர்கள் இல்லாமல் இருப்பது இயல்பு, அதனால் இங்கே ரெய்ஸ் உதவாது. ரீநேம் முடிந்த பிறகு, கட்டாயப் பெயர்கள் எல்லாம் வந்துவிட்டனவா என்று நீங்களே ஒரு வரியில் சோதியுங்கள்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் காப்பி கட்டளையால் நேரடியாக ஏற்றுகிறவர்கள் கவனிக்க: ஹெடர் என்று சொன்னால் அது முதல் வரியைப் படிக்காமல் தாண்டும், அவ்வளவுதான், டேட்டா இருக்கும் வரிசையிலேயே உள்ளே போகும். 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பிலிருந்து ஹெடர் மேட்ச் என்று சொல்லலாம், பெயரும் வரிசையும் பொருந்தாவிட்டால் ஏற்ற மறுத்துவிடும்.

எப்போது நிற்க வேண்டும்

கட்டாயப் பெயர் ஒன்று இல்லையென்றால் நிற்க வேண்டும். ஒரே நம் பெயருக்கு ஃபைலில் இரண்டு நெடுவரிசைகள் பொருந்தினாலும் நிற்க வேண்டும். அட்டவணையில் இல்லாத புதுப் பெயர் வந்தால், கட்டாயமானவை எல்லாம் இருக்கும் பட்சத்தில் ஓடட்டும், ஆனால் அந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு காட்ட வேண்டும். நிற்கும்போது என்ன சொல்லி நிற்கிறது என்பதற்கு நேரம் செலவிடுங்கள். 'எரர்' என்று மட்டும் சொன்னால் யாருக்கும் பயனில்லை. எந்த ஃபைல், எந்தப் பெயர் காணவில்லை, அடையாளம் தெரியாமல் வந்த பெயர்கள் எவை, இந்த மூன்றும் ஒரே செய்தியில் இருந்தால் படிக்கிறவருக்குப் பாதி நேரம் அங்கேயே விடை கிடைத்துவிடும்: 'தொகை' இல்லை, 'நிகரத் தொகை' புதிதாக வந்திருக்கிறது.

இங்கேதான் 'பெயர் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தால் தானாகப் பொருத்திவிடலாமே' என்ற ஆசை வரும். எழுத்து ஒற்றுமையைப் பார்த்துப் பொருத்தும் கருவிகள் நிறைய இருக்கின்றன. பரிந்துரை செய்ய மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள், முடிவு எடுக்க விடாதீர்கள். 'வரிக்கு முந்தைய தொகை', 'வரிக்குப் பிந்தைய தொகை' இரண்டும் எழுத்தளவில் பக்கத்துப் பக்கத்து வீடு, அர்த்தத்தில் வேறு. அந்த 'நிகரத் தொகை' நம் 'தொகை'தானா என்று அனுப்பியவரைக் கேட்டு, பதில் வந்த பிறகு ஒரு மனிதர் அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

பெயர் சரி, உள்ளே இருப்பது மாறியிருந்தால்?

பெயர் மாறாமல் அர்த்தம் மாறுவதும் உண்டு. 'எடை' என்ற அதே பெயர், கிலோவுக்குப் பதில் கிராம். இதைப் பெயரை வைத்துப் பிடிக்கவே முடியாது. அதனால் வாசலைத் தாண்டியதும் சின்னச் சோதனைகள்: தேதி நெடுவரிசையில் இருப்பது தேதிதானா, எண்ணில் எத்தனை சதவீதம் காலி, நடுமதிப்பு போன மாதத்தை விடப் பத்து மடங்கு தாவியிருக்கிறதா, வரிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய அதே அளவா. கட்டாய நெடுவரிசை முழுக்கக் காலியாக வந்தால் அது இல்லாததற்குச் சமம், நிறுத்துங்கள்.

இன்னொரு வகை, பெயரே டேட்டாவாக இருப்பது: 'ஜனவரி 2024', 'பிப்ரவரி 2024' என்று ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு நெடுவரிசை. இதை மாற்றுப்பெயர் அட்டவணையால் துரத்தினால் முடிவே இராது. மாறாத நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்து, பவர் குவெரியில் 'அன்பிவட் அதர் காலம்ஸ்' கொடுத்தால், மற்றவை எத்தனை இருந்தாலும் மாதத்துக்கு ஒன்று, மதிப்புக்கு ஒன்று என்று இரண்டே நெடுவரிசைகளாகக் கீழே இறங்கிவிடும், பாண்டாஸில் இதே வேலையை மெல்ட் செய்யும்.

உடைத்துப் பாருங்கள்

எல்லாம் கட்டி முடித்ததும் அடுத்த மாத ஃபைலுக்குக் காத்திருக்க வேண்டாம். பழைய ஃபைலின் நகல்களை எடுத்து நீங்களே கெடுங்கள். ஒன்றில் ஒரு கட்டாயத் தலைப்பை மாற்றுங்கள், இன்னொன்றில் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றுங்கள், ஒன்றில் தலைப்பின் பின்னால் 160 இடைவெளியை ஒட்டுங்கள், ஒன்றில் 'தொகை' என்று இரண்டு நெடுவரிசைகள் வையுங்கள், ஒன்றில் யாருக்கும் தெரியாத புதுப் பெயரைச் சேருங்கள். முதலாவதும் நான்காவதும் நிற்க வேண்டும், இரண்டாவதும் மூன்றாவதும் எந்தத் தடையும் இல்லாமல் பழைய மொத்தத்தையே தர வேண்டும், ஐந்தாவது ஓடி முடித்து அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். இந்த ஐந்து ஃபைல்களையும் ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, சுத்தம் செய்யும் முறையிலோ அட்டவணையிலோ கை வைக்கும் ஒவ்வொரு முறையும் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.